தாம்பரம் வட்டாரத்துக் கால்நடை மருத்துவர்கள்: வெக்கை நோய் முதல் இன்று வரை

தாம்பரம், பல்லாவரம், வண்டலூர், வேளச்சேரி முதலிய ஊர்கள் இன்று சென்னையின் தென்புறநகராக அறியப்படுகின்றன. இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பு இவை செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசனக் கிராமங்களாக இருந்தன. நெல் வயலை உழுததும், கவலை இறைத்ததும், பாரவண்டி இழுத்ததும் மாடுகளே. அந்த மாடுகளுக்கு நோய் வந்தபோது ஊர் ஊராகச் சென்று பார்த்த அரசு மருத்துவரை மக்கள் 'மாட்டு டாக்டர்' என்று அழைத்தனர். அவருடைய பணி எப்படித் தோன்றியது, எதைச் சாதித்தது, வயல்கள் மனைகளானபின் எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

மாடும் ஊரும்

இந்த வட்டாரத்தின் ஊர்ப்பெயர்களிலும் தொழில்களிலும் மாட்டின் தடம் பதிந்துள்ளது. மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளி, மாட்டு மந்தைகள் மேய்ந்த வெளி என்ற பொருள் தரும் பெயர். பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தை மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது என்று உள்ளூரில் சொல்வார்கள். குரோம்பேட்டை என்ற பெயர், அங்கு இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நெடுங்காலம் எருமைகளின் மேய்ச்சலிடமாக இருந்தது. வருவாய்க் கணக்குகளில் ஒவ்வொரு கிராமத்துக்கும் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது.

ஒரு குடியானவருக்கு ஓர் இணை உழவு மாடு என்பது நிலத்துக்கு அடுத்த சொத்து. ஆடிப்பட்டத்துக்கு முன் அந்த இணையில் ஒன்று இறந்தால் அந்த ஆண்டு விதைப்பு நின்றுபோகும், அல்லது கடன் ஏறும். மாட்டு நோய் மனிதப் பட்டினியாக மாறியது இந்த வழியில்தான். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மனிதரோடு மாடுகளும் பெருந்தொகையாக இறந்தன. மழை திரும்பிய பின்னும் உழ மாடில்லாத நிலை பல ஊர்களில் இருந்தது.

அரசு மருத்துவர் வருவதற்கு முன் ஊருக்கு ஊர் மாட்டு வைத்தியர்கள் இருந்தனர். 'மாட்டு வாகடம்' என்ற பெயரில் தமிழில் மருத்துவச் சுவடிகள் உள்ளன. மூங்கில் குழலால் மருந்து புகட்டுவது, சூடு போடுவது, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது ஆகியவை வழக்கத்தில் இருந்தன. வயிற்று உப்புசம், புண், சுளுக்கு போன்றவற்றில் இவ்வைத்தியம் பலன் தந்தது. மந்தையையே அழிக்கும் தொற்றுநோய்க்கு முன்னால் அதனால் நிற்க முடியவில்லை. அப்போது மக்கள் அம்மனையே நாடினர். வாய்க்காணை, காற்காணை நோய்க்கு இன்றும் வழங்கும் 'கோமாரி' என்ற பெயரிலேயே மாரி இருக்கிறாள்.

வெக்கை என்னும் கொள்ளைநோய்

தொற்றுநோய்களில் கொடியது வெக்கை. ஆங்கிலேயர் இதை ரிண்டர்பெஸ்ட் என்றனர். முதலில் கடுங்காய்ச்சல் வரும். பிறகு கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயின் உட்புறம் புண்ணாகி எச்சில் ஒழுகும். அதன்பின் நாற்றமுடைய கழிச்சல் தொடங்கி, மாடு நீர் வற்றி, ஒரு வாரம் பத்து நாளில் இறந்துவிடும். முன்பு நோய் காணாத மந்தையில் புகுந்தால் பெரும்பாலான மாடுகளைக் கொண்டுபோய்விடும். மனிதருக்கு இந்நோய் தொற்றாது.

கால்நடை மருத்துவம் தனிப் படிப்பாக உருவானதற்கே இந்நோய் முக்கியக் காரணம். 1711இல் வட இத்தாலியில் வெக்கை பரவியபோது பதுவா நகர மருத்துவப் பேராசிரியர் பெர்னார்டினோ ராமசினி அதன் அறிகுறிகளை விரிவாகப் பதிவு செய்தார். உரோமில் போப்பாண்டவரின் மருத்துவரான ஜியோவானி மரியா லான்சிசி, நோயுற்ற மாடுகளைக் கொன்று புதைத்தல், மாடுகளின் போக்குவரத்தைத் தடுத்தல், தொழுவத்தைத் தூய்மைப்படுத்தல் ஆகிய விதிகளை வகுத்தார். உலகம் முழுவதும் கால்நடைத் தொற்றுநோய்க்கு இன்றும் பின்பற்றப்படும் முறையின் அடிப்படை இதுவே. அரை நூற்றாண்டுக்குப் பின் 1762இல் பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. 1769இல் இத்தாலியின் தூரின் நகரில் ஒரு பள்ளி தோன்றியது.

நோய் பரவுவதற்கும் இத்தாலி ஒரு முறை வழியாக அமைந்தது. 1887 வாக்கில் எரித்திரியாவில் இறங்கிய இத்தாலியப் படையின் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு வெக்கை ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். பத்தாண்டுகளில் அது தென்முனை வரை சென்றது. எத்தியோப்பியாவில் அதைத் தொடர்ந்து பெரும் பஞ்சம் வந்தது.

சைதாப்பேட்டையும் வேப்பேரியும்

சென்னை மாகாணத்தில் 1866இலேயே மாட்டு நோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1871இல் ஹாலன் தலைமையிலான குழு இந்திய மாட்டுக் கொள்ளைநோய்கள் பற்றிய அறிக்கையை அளித்தது. நாடெங்கும் வெக்கை நிலைகொண்டிருப்பதை அது உறுதிப்படுத்தியது.

இந்த வட்டாரத்தில் கால்நடைக் கல்வியின் தொடக்கம் சைதாப்பேட்டை எனலாம். ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865இல், அங்கே ஒரு சோதனைப் பண்ணை அமைக்கப்பட்டது. வில்லியம் ராபர்ட்சன் அதன் கண்காணிப்பாளராக இருந்தார். பண்ணையை ஒட்டி வேளாண் பள்ளி வளர்ந்தது. அப்பள்ளியே பின்னர் 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேராகியது. உழவைப் படிப்பவர் மாட்டையும் அறிய வேண்டும் என்ற எண்ணம் அப்பள்ளியிலேயே இருந்தது.

கால்நடை மருத்துவத்துக்கெனத் தனிக் கல்லூரிகள் லாகூரிலும் (1882) பம்பாயிலும் (1886) கல்கத்தாவிலும் (1893) தோன்றின. சென்னையில் 1903 அக்டோபரில் வேப்பேரியின் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களுடன் கல்லூரி தொடங்கியது. படித்து முடித்தவர்கள் ஜி.எம்.வி.சி. என்ற பட்டயம் பெற்றனர். 1935இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. இந்தியாவில் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் வழங்கிய முதல் கல்லூரி இதுவே. 1952இல் இங்கே பட்டம் பெற்ற சக்குபாய் ராமச்சந்திரன் இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர் எனக் குறிப்பிடப்படுகிறார். 1989இல் இக்கல்லூரியை மையமாகக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் உள்ள காட்டுப்பாக்கம் ஆராய்ச்சிப் பண்ணை இப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

மருத்துவரின் அன்றாடம்

நாட்டுப்புறக் கால்நடை மருத்துவரின் வேலை மருந்தகத்தில் பாதி, ஊர்களில் பாதி. காலையில் மருந்தகத்து வாசலில் உள்ள மரத் தடுப்பில் மாட்டைக் கட்டிப் பார்ப்பார். பிறகு சைக்கிளிலோ வண்டியிலோ தம் எல்லைக்குட்பட்ட கிராமங்களுக்குச் செல்வார். நோயாளிக்குப் பேச்சு வராது. உரிமையாளர் சொல்வதைக் கேட்டும், அசைபோடுகிறதா, சாணம் எப்படி, காது சூடா என்று தொட்டும் பார்த்தும் நோயைக் கணிக்க வேண்டும். கன்று ஈன முடியாத பசுவுக்கு நள்ளிரவிலும் அழைப்பு வரும். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தோள்வரை கையை உள்ளே விட்டு, கோணலாகக் கிடக்கும் கன்றின் தலையைத் திருப்பி, கயிறு கட்டி இழுக்க வேண்டும்.

அவர் பையில் இருந்த கருவிகளில் ஒன்று இத்தாலிய நாட்டு மருத்துவர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. உழவுக்கும் வண்டிக்கும் பழக்கும் காளைகளுக்குக் காயடிப்பது கட்டாயம். பழைய முறையில் காளையைக் கீழே தள்ளி, கிட்டி போட்டு விதையை நசுக்கினர். மாடு நாள்கணக்கில் துடிக்கும். கத்தியால் அறுத்தால் புண்ணில் புழு வைக்கும், சில மாடுகள் சன்னி கண்டு இறக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இத்தாலியைச் சேர்ந்த நெப்போலியோனே பர்டிசோ என்ற கால்நடை மருத்துவர் நீண்ட கைப்பிடிகள் உடைய ஓர் இடுக்கியை உருவாக்கினார். தோலை வெட்டாமல், உள்ளே உள்ள விதைநாளத்தை மட்டும் அது நசுக்கித் துண்டிக்கும். இரத்தம் இல்லை, புண் இல்லை, ஈ மொய்க்காது. வெப்ப நாடுகளுக்கு மிகவும் பொருந்திய இக்கருவி இந்தியாவெங்கும் பரவியது. 'பர்டிசோ' என்ற பெயர் தமிழ்நாட்டுக் கால்நடை மருந்தகங்களின் பேச்சுமொழியில் அன்றாடச் சொல்லாகிவிட்டது. இன்றும் அக்கருவி பயன்பாட்டில் உள்ளது.

இப்பணியில் மருத்துவரின் உயிருக்கும் ஆபத்து உண்டு. எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கைவிடுவது வழக்கம். அது வெறிநோயாகவும் இருக்கலாம். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிய பின், வெறிநாய் கடித்தவர்களோடு இவ்வாறு தொற்றுக்கு ஆளானவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியைக் கையால் எடுப்பவருக்குப் புரூசெல்லா கிருமி தொற்றி, மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும்.

அடைப்பான் நோய் இன்னும் சிக்கலானது. திடீரென இறந்து, உடலின் துளைகளில் உறையாத கறுத்த இரத்தம் கசியும் மாட்டை அறுக்கக் கூடாது. அறுத்தால் கிருமியின் வித்துகள் மண்ணில் பல்லாண்டு கிடந்து மீண்டும் நோய் தரும். மருத்துவர் காதோர இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் எடுத்துப் பார்த்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கச் சொல்வார். ஆனால் தோல் காசாகும். இறந்த மாட்டை அகற்றித் தோலுரிக்கும் வேலை சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது சுமத்தப்பட்டிருந்தது. கூலியாக அவர்களுக்குக் கிடைத்தது அந்தத் தோலும் இறைச்சியுமே. புதைக்கச் சொன்ன உத்தரவு அவர்களுடைய உணவையும் வருமானத்தையும் புதைத்தது. அறுத்தாலோ நோய் முதலில் அவர்களையே தாக்கியது. அடைப்பானின் கதையைச் சொல்லும்போது இந்த அநீதியைத் தவிர்க்க முடியாது.

ஊசியும் ஊராரும்

வெக்கைக்கு மருந்து இல்லை, தடுப்பு மட்டுமே உண்டு. 1889இல் புனேயில் தொடங்கி, பின் இமயமலைச் சாரலின் முக்தேசுவரத்துக்கு மாறிய அரசு ஆய்வகம் இதற்காகவே உழைத்தது. 1897இல் இராபர்ட் காக் அங்கு வந்து சென்றார். நோயிலிருந்து பிழைத்த மாட்டின் ஊநீரைச் செலுத்துவது முதல் வழி. அதன் காவல் சிறிது காலமே நின்றது. 1920களின் இறுதியில் ஜே. டி. எட்வர்ட்ஸ் வெக்கைக் கிருமியை ஆட்டுக்கு ஆடு திரும்பத் திரும்பச் செலுத்தி வீரியம் குறைத்து, மலிவான தடுப்பூசியாக மாற்றினார்.

தென்னாட்டுக்கான ஊநீரும் தடுப்பூசியும் 1932இல் இராணிப்பேட்டையில் அமைந்த நிலையத்தில் தயாராயின. அங்கிருந்து பனிக்கட்டி நிரப்பிய குடுவைகளில் மருந்து ஒவ்வொரு மருந்தகத்துக்கும் சென்றது. குளிர் குறைந்தால் மருந்து கெடும். கலக்கிய மருந்தைச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எனவே விடியும் முன்பே ஊருக்குப் போய், மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்புமுன் மந்தைவெளியில் நிறுத்தியாக வேண்டும்.

எல்லோரும் மாட்டைக் கொண்டுவரவில்லை. ஊசி போட்டால் பால் வற்றும், சினை கலையும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. அந்த அச்சம் முழுவதும் ஆதாரமற்றதன்று. ஆட்டில் வளர்த்த தடுப்பூசி காய்ச்சலை உண்டாக்கும், நாட்டு மாடு அதைத் தாங்கினாலும் கலப்பினப் பசுக்கள் சில தாங்காது. கணக்குப்பிள்ளையையும் ஊர்ப் பெரியவரையும் முன்னிறுத்தி, முதலில் ஒரு மாட்டுக்குப் போட்டுக் காட்டி, மறுவாரம் வந்து அதே மாட்டைப் பார்த்து நம்பிக்கையைச் சம்பாதிப்பதும் மருத்துவரின் வேலையே ஆயிற்று. 1960 வாக்கில் கென்யாவில் வால்டர் ப்ளோரைட் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய தடுப்பூசி இக்குறையைத் தீர்த்தது. ஜெர்சி கலப்பினப் பசுக்கள் தமிழ்நாட்டில் பெருகிய காலத்துக்கு அது ஏற்றதாக அமைந்தது.

வெக்கையின் முடிவு

இந்திய அரசு 1954இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் பெருமளவு குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. வட மாநிலங்களில் அடங்கியபின்னும் தென்னிந்தியாவில் அவ்வப்போது தலைகாட்டியது. ஆடுகளில் கண்ட ஒரு நோய் மருத்துவர்களைக் குழப்பியது. வாய்ப்புண், கழிச்சல், சளி எல்லாம் வெக்கை போலவே இருந்ததால் அதை ஆட்டு வெக்கை என்றே கருதினர். 1987இல் விழுப்புரம் பகுதியின் அரசூர் கிராமத்தில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது அது வேறொரு கிருமி என்று தெரிந்தது. ஆட்டுக்கொல்லி நோய் என இன்று வழங்கும் அந்நோய் இந்தியாவில் முதலில் அறியப்பட்டது இங்கேதான். பின்னர் அதற்கான தடுப்பூசி ஒன்றும் அரசூர்க் கிருமியிலிருந்தே உருவாக்கப்பட்டது.

1992இல் ஐரோப்பியச் சமூகத்தின் உதவியுடன் ஒழிப்புத் திட்டம் புதுப்பிக்கப்பட்டது. இந்தியாவின் கடைசி வெக்கை நிகழ்வு 1995இல் வட ஆர்க்காடு பகுதியில் பதிவானது. தென்னாட்டுக்கு அறுபது ஆண்டுகள் தடுப்பூசி தந்த இராணிப்பேட்டையும் அதே வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது.

அதன் பின் வந்த கட்டம் எளிதில் புலப்படாதது, ஆனால் துணிச்சலானது. தடுப்பூசி போட்ட மாட்டின் இரத்தமும் நோய் கண்டு பிழைத்த மாட்டின் இரத்தமும் சோதனையில் ஒன்றுபோலவே காட்டும். ஆகவே நோய் இல்லை என்று மெய்ப்பிக்கத் தடுப்பூசியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தியபின் நோய் ஒளிந்திருந்தால் காப்பற்ற மந்தைகள் அழியும். ஊர் ஊராகச் சென்று, கழிச்சல் கண்ட ஒவ்வொரு மாட்டையும் விசாரித்து, இரத்தம் எடுத்து அனுப்பியவர்கள் நாட்டுப்புற மருத்துவர்களும் கால்நடை ஆய்வாளர்களுமே. 2006இல் இந்தியா வெக்கைத் தொற்றற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இது.

ஊர் நகரமானபின்

நோய் ஒழிந்த அதே காலத்தில் தென்புறநகரில் மாடும் மறைந்தது. 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் வந்தது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. குடியிருப்புகள் ரயில் பாதையைத் தொடர்ந்தன. டிராக்டர் உழவு மாட்டை விலக்கியது. வயல்கள் மனைகளாயின, மேய்க்கால் புறம்போக்குகள் கட்டடங்களாயின. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. எஞ்சிய கறவைப் பசுக்கள் மேய இடமின்றித் தெருவில் திரிகின்றன. குப்பையோடு நெகிழிப் பைகளைத் தின்ற மாட்டின் முதல் இரைப்பையைத் திறந்து அவற்றை அள்ளி எடுப்பது, முந்தைய தலைமுறை மருத்துவர் அறியாத அறுவைச் சிகிச்சை.

மருத்துவரின் நோயாளிகளும் மாறினர். 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு கிண்டி–வேளச்சேரிப் பகுதியில் தெருநாய்களுக்கான கருத்தடைப் பணிக்கு வழிகாட்டியது. 1855இல் எட்வர்ட் பல்ஃபர் சென்னையில் நிறுவிய விலங்குக் காட்சியகம் 1985இல் வண்டலூருக்கு வந்தது. 2021 சூனில் அங்குள்ள சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியபோது அவற்றைக் காக்கப் போராடியவர்களும் இதே படிப்பைப் படித்தவர்களே. புறநகர்த் தெருக்களில் இன்று நாய், பூனைகளுக்கான தனியார் மருத்துவமனைகள் பல உள்ளன. கோமாரிக்கு எதிரான தேசியத் திட்டம் 2019இல் தொடங்கியது. அதற்காக வீடு வீடாகச் செல்வோர், இப்போது அடுக்குமாடிகளுக்கு நடுவே மறைந்திருக்கும் தொழுவங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

மதிப்பீடு

தமிழ் வாசகர்கள் பரவலாக அறிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் உண்டு. காட்டில் இறக்கும் ஒவ்வொரு யானைக்கும் பிணக்கூறாய்வு வேண்டும் என்று வலியுறுத்திய வனத்துறை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி அவர். 2002இல் மறைந்த அவரை ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. செங்கல்பட்டுக் கிராமங்களில் பனிக்கட்டிக் குடுவையோடு விடியலில் நடந்தவர்களுக்கு அப்படியொரு கதை அமையவில்லை. மாடு பிழைத்தால் உரிமையாளர் நினைவில் வைப்பார். வராமலே போன நோயை யாரும் நினைவில் வைப்பதில்லை.

தேசிய வேளாண் ஆணையம் 1976இல் 5,000 கால்நடைக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நகரமயமான வட்டாரங்களில் மாட்டின் தொகை குறைவதால் மருந்தகமே தேவையா என்ற கேள்வி எழலாம். வெக்கையின் வரலாறு அதற்கு விடை தருகிறது. நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் ஒவ்வொரு ஊரிலும் பார்த்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். வெறிநோயும் அடைப்பானும் புரூசெல்லா காய்ச்சலும் மாட்டிலிருந்தும் நாயிலிருந்தும் மனிதருக்கு வருபவை. தாம்பரம் வட்டாரத்தின் கால்நடை மருந்தகங்கள் இன்று காப்பது அருகில் உள்ள தொழுவங்களையும், அவற்றைச் சூழ்ந்து எழுந்துள்ள அடுக்குமாடிகளில் வாழும் மக்களையுமே.